சிவப்புச் சட்டையும் ஒரு துடக்கும்

உறைந்த கோழிப் பெட்டிகளுக்கு நடுவே நின்று, குளிரறைக் கதவைக் காலால் முட்டுக்கொடுத்தபடி, உருத்திரமூர்த்தி தன் சொந்த அண்ணனைச் சாகடித்துக்கொண்டிருந்தார்.

கைபேசியின் மறுமுனையில் பல்கலைக்கழக ஃபுட்போல் அணியின் கோச் பெலான்ஜே. பாதி பிரெஞ்சும் பாதி இங்கிலிசுமாக மரணம் வெளியே வந்துகொண்டிருந்தது. குளிரில் உருத்திரமூர்த்தியின் பற்கள் அடித்துக்கொண்டன. கோச் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு, ஆறுதலாகச் சொல்லுங்கள், அவசரமில்லை என்றார்.

எப்படி இறந்தார் என்றும் கேட்டார். அதை உருத்திரமூர்த்தி யோசித்து வைத்திருக்கவில்லை.

"ஹார்ட்," என்றார்.

யோகேந்திரன் என்ற அந்த அண்ணன் அந்த நேரம் அடுத்த மாகாணத்து ஸ்காபரோவில், நல்ல ஹார்ட்டோடு, வீட்டுக்குப் பின்னால் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

உருத்திரமூர்த்தி தொடர்ந்தார். எங்கள் வழக்கப்படி சாவுத் தீட்டான துடக்கு முப்பத்தொரு நாள். அதுவரை கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை, விளையாட்டும் இல்லை. விளையாட்டை அந்த நிமிடத்தில்தான் வழக்கத்தில் சேர்த்தார். ஆகவே மகன் வினோஜனை ஃபுட்போல் மச்சில் இறக்க வேண்டாம். இன்னொன்று, காரணத்தை அவனுக்குச் சொல்லவும் வேண்டாம். படிப்புச் சோதனை வருகிறது. பெரியப்பா என்றால் அவனுக்கு உயிர். சோதனை முடிந்த பிறகு நாங்களே பக்குவமாகச் சொல்லிக்கொள்வோம்.

செத்தவரைப் பிள்ளைக்கு மறைப்பீர்களா என்று கோச் மெதுவாகக் கேட்டார்.

மறைப்போம் என்றார் உருத்திரமூர்த்தி. அன்று அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. ஊரில் தாய்மாமன் செத்தது அவருக்கே பள்ளிக்கூடத்துக் கடைசிச் சோதனையான ஏ.எல். முடிந்து வீட்டுக்கு வந்து, மாமி வெள்ளைச் சேலையில் நின்றதைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

கைபேசியை வைத்துவிட்டுக் கோழிப் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். அண்ணனை நினைக்கப் பாவமாக இருந்தது. ஆனால் மகனுக்கு ஒரு வருசம் மிஞ்சியது.

அந்த ஒரு வருசம்தான் விசயம்.

வினோஜன் கதவு நிலையில் தலை முட்டுகிற பிள்ளை. அவன் விளையாடும் ஃபுட்போல் ஆளை ஆள் இடித்து விளையாடுகிற முட்டைப் பந்து விளையாட்டு. அதில் அவன் வேலை பந்தைத் தொடுவதல்ல, பந்தை வைத்திருப்பவனை யாரும் தொடாமல் மறிப்பது. இத்தனை வருசமும் ஒரு தடவைகூடப் பந்து அவன் கையில் இருந்து உருத்திரமூர்த்தி பார்த்ததில்லை. இருந்தும் இந்த வருசம் பல்கலைக்கழகம் அவனைக் கூப்பிட்டு எடுத்திருந்தது.

விளையாட்டின் சட்டத்தை அவருக்கு விளங்கப்படுத்தியவன் அன்டன். அவர் வேலை செய்யும் குளிரறையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். மிச்ச நேரமெல்லாம் மச் பார்ப்பவன். பல்கலைக்கழகத்தில் ஒருவனுக்கு ஐந்து வருச ஆட்டம்தான். முதல் வருசம் மச்சுக்கே இறங்காமல், சிவப்புச் சட்டையோடு பயிற்சி மட்டும் எடுத்தால் அந்த வருசம் கணக்கில் விழாது. உடம்பு முற்றும், ஆட்டம் படியும், ஐந்தும் அப்படியே கையில் இருக்கும்.

"ஆனால் அண்ணை, ஒரு மச்சில ஒரு நிமிசம் கால் வைச்சாலும் அந்த வருசம் போச்சு," என்றான் அன்டன். "அதோட, எதிரில நிக்கிறவங்கள் பிள்ளைகள் இல்லை. தாடி வைச்ச ஆம்பிளையள்."

உருத்திரமூர்த்திக்கு இதை இரண்டாம் தரம் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் பத்தொன்பது வயதில் மொன்றியலில் வந்து இறங்கியவர். இறங்கிய கிழமையே ஒரு உணவகத்தின் பின்பக்கம் கோப்பை கழுவ நிறுத்திவிட்டார்கள். கொஞ்சம் பொறு, பாஷையைப் படி, சுற்றிப் பார் என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. பிரெஞ்சு வகுப்புக்கு அடுத்த வருசம் போகலாம் என்று நினைத்தார். அந்த அடுத்த வருசம் இன்னும் வரவில்லை. தனக்குக் கிடைக்காத அந்த ஒரு வருசத்தை, சும்மா நின்று பார்க்கிற வருசத்தை, மகனுக்கு எப்படியும் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவருக்குள் ஒரு வெறியாகவே இருந்தது.

கோடையில் மகனிடம் சொன்னார். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவன் காதிலிருந்த பாட்டுக் கருவியைக் கழற்றி, "அப்பா, அது எனக்கும் கோச்சுக்கும் உள்ள விசயம். விடுங்கோ," என்றான்.

அவர் விட்டிருப்பார். ஆனால் சென்ற சனிக்கிழமை முன்வரிசைக்காரன் ஒருவனுக்குக் கணுக்கால் முறிந்தது. அடுத்த பெரிய உடம்பு உங்கட மகன்தான், வாற சனிக்கிழமை இறக்குவாங்கள் என்று அன்டன் அடித்துச் சொன்னான். கோச்சோடு வாதாட உருத்திரமூர்த்தியிடம் போதிய பிரெஞ்சு இல்லை. துடக்கோடு எந்த வெள்ளைக்காரனும் வாதாட முடியாது. துடக்கு முடிய சீசன் முக்கால்வாசி முடிந்திருக்கும். மிச்சத்துக்காக எவனும் ஒரு வருசத்தை எரிக்க மாட்டான்.

திட்டத்தில் ஓட்டையே இல்லை என்று நினைத்தார்.

செவ்வாய்க்கிழமை மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்த அவர் வீட்டுக்கு மூன்றாம் மாடி ஏறி ஒரு மலர்வளையம் வந்தது. வெள்ளை லில்லி. நடுவில் நாடா. நாடாவில் யோகேந்திரனின் பெயர், கீழே அனுப்பிய ஃபுட்போல் அணியின் பெயர்.

கதவைத் திறந்த மனைவி சிவமலர் அப்படியே நிலத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். யோகேந்திரன் அத்தார் போய்விட்டார் என்பதைவிட, ஒருவரும் தனக்குச் சொல்லவில்லை என்பதில் அழுகை இன்னும் கூடியது. உருத்திரமூர்த்தி அவள் வாயைப் பொத்தி, அறைக்குள் இழுத்துக்கொண்டு போய், எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் அழுகையை நிறுத்திக் கண்ணைத் துடைத்தாள்.

"உயிரோட இருக்கிற அண்ணனுக்கு மலர்வளையம் எடுப்பிச்ச தம்பி உலகத்திலேயே நீங்கள் ஒராள்தான்," என்றாள்.

ஆனால் அழுத சத்தம் கீழ்வீட்டுக்குப் போய்விட்டது. திருகோணமலை அக்னெஸ் அக்கா அரை மணித்தியாலத்தில் படியேறி வந்தார். மலர்வளையத்தைப் பார்த்தார், நாடாவை வாசித்தார், சிலுவை போட்டுக்கொண்டார். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போய், சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் சட்டியோடு கொண்டுவந்தார். மறுநாளும் கொண்டுவந்தார். அவர் மூக்குக்குப் பயந்து சிவமலர் மீன் பொரிக்கவில்லை, இறைச்சி காய்ச்சவில்லை. குளிர்ப்பெட்டியில் ஒரு முழு ஆட்டுத் தொடை சும்மா கிடந்தது.

பயிற்சி முடிந்து வந்த வினோஜன், ஒரு வேளைக்கு ஒரு முழுக் கோழி சாப்பிடுகிற பிள்ளை, பூசணிக்காயைப் பார்த்தான். தகப்பனைப் பார்த்தான்.

"கொலஸ்ட்ரோலாம். டொக்டர் சொன்னவர்," என்றார் உருத்திரமூர்த்தி.

மூலையில் நாடா கழற்றிய லில்லி வளையம் நின்றது. அதையும் பார்த்தான்.

"அது அம்மாவுக்கு. சும்மா. ஆசைக்கு."

கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர் சிவமலருக்குப் பூ வாங்கியதில்லை. வாங்கியிருந்தாலும் வளையமாக வாங்கியிருக்க மாட்டார். வினோஜன் வந்து, தகப்பனைக் குனிந்து கட்டிப்பிடித்தான். பத்து வயதுக்குப் பிறகு அவன் அப்படிச் செய்ததில்லை. பிறகு உட்கார்ந்து பூசணிக்காயையும் சோற்றையும் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டான்.

பிள்ளை நம்பிவிட்டான் என்று உருத்திரமூர்த்தி மூச்சு விட்டார்.

வியாழக்கிழமை கைபேசி அடித்தது. யோகேந்திரன். உருத்திரமூர்த்தி பல்கனிக்கு ஓடிக் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினார்.

"தம்பி," என்றார் அண்ணன், "எனக்கு என்னவாம் நடந்தது?"

அக்னெஸின் தங்கை ஸ்காபரோவில் இருக்கிறார். அந்த வழியாகச் செய்தி போயிருந்தது. காலையிலிருந்து அண்ணி துக்கம் விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்லிக் களைத்துப் போயிருந்தாள். ஒருவர் அந்தப் புல் வெட்டும் மெசினை இனி யார் பாவிக்கப் போகிறீர்கள் என்றும் கேட்டிருந்தார்.

உருத்திரமூர்த்தி உண்மையைச் சொன்னார்.

"எதில செத்தனான்?"

"ஹார்ட், அண்ணை."

"பரவாயில்லை. மெல்லமாய்த்தான் கொண்டு போயிருக்கிறாய். எவ்வளவு நாளைக்குச் செத்திருக்கவேணும்?"

"பெடியன்ர மச் கொஞ்சம் போகட்டும்."

"அப்ப உன்ர அண்ணியட்டைச் சொல்லு, கத்தரிக்காய்க்குத் தண்ணி விடச்சொல்லி. நான் செத்துப்போனன்."

உருத்திரமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வரக்கூடாதென்று பல்கனிக் கம்பியைப் பிடித்துக் குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது, கண்ணால் தண்ணீர் ஓடியது. துடைத்துக்கொண்டு திரும்பியபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வினோஜன் நின்றான். உடனே பார்வையை விலக்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டான்.

சோதனைப் பயம் என்று நினைத்தார் உருத்திரமூர்த்தி.

சனிக்கிழமை மத்தியானம் அன்டன் கூப்பிட்டான். அவன் திரையில் மச் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை, முன்வரிசையில கையில கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு ஒருத்தன் நிக்கிறான். உங்கட மகன்போலக் கிடக்கு."

உருத்திரமூர்த்தி சட்டையைப் போட்டது படியில். பொத்தானைப் பூட்டியது டாக்சியில். அரங்குக்குள் அவர் ஓடி வந்தபோது முதல் கால் பாகம் முடிந்திருந்தது. அணி முழுவதும் கறுப்புப் பட்டி கட்டியிருந்தது. உயிரோடு இருக்கிற தன் அண்ணனுக்காக இத்தனை பெரிய வெள்ளைக்காரப் பெடியன்கள் துக்கம் காத்து நின்றார்கள்.

போச்சு. வருசம் போச்சு.

கோச்சிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேலியோரம் நடந்தார். பாதி வழியில் ஆட்டம் திரும்பத் தொடங்கியது. வினோஜன் குனிந்து நின்றான். அவனுக்கு எதிரே அன்டன் சொன்ன அதே தாடி. விசில் ஊதியது. அடுத்த கணம் தாடிக்காரன் மல்லாக்கக் கிடந்தான். வினோஜன் அவனைத் தாண்டி இரண்டாவது ஆளையும் சரித்துக்கொண்டு போக, அவன் திறந்துவிட்ட வழியால் பந்தோடு ஒருவன் ஓடி, ஓடி, கடைசிக் கோட்டைத் தாண்டினான்.

அரங்கு எழுந்தது. உருத்திரமூர்த்திக்குத் தான் எதற்கு வந்தோம் என்பது மறந்துபோனது. இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கித் தட்டினார். வாய் முழுக்கச் சிரித்தார். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் தோளில் அடித்து, அது என்ர மகன், என்ர மகன் என்று தமிழிலேயே சொன்னார்.

மைதானத்திலிருந்து வினோஜன் தலைக்கவசத்தைத் தூக்கி, கூட்டத்துக்குள் தேடி, அவரைக் கண்டுபிடித்துப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

அதற்கடுத்த மோதலில் அவன் விழுந்தான். அவனுக்குமேல் மூன்று பேர் விழுந்தார்கள். அவர்கள் எழும்பினார்கள். அவன் எழும்பவில்லை.

தோள்பட்டை எலும்பு. சத்திரசிகிச்சை வேண்டும், இந்த சீசன் முடிந்தது என்று சொன்னார்கள். மருத்துவ அறைக்கு வெளியே நடைக்கூடத்தில் உருத்திரமூர்த்தி தனியாக நின்றார். கதவு இடுக்கால் மகனின் சப்பாத்துக் கால்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஒரு மச். அதுவும் பாதிகூட இல்லை. அதற்கு ஒரு முழு வருசம். இனி இருப்பது நாலு, அதுவும் தோள் சரிவந்தால்.

அறைக்குள்ளிருந்து அணியின் பிசியோ வெளியே வந்தாள். நிருஷா, மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் வளர்ந்த தமிழ்ப் பெட்டை. அவரைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கிள், உங்கட அண்ணா மோசம் போனதுக்கு மனவருத்தம். வினோஜன் சொன்னவன்."

உருத்திரமூர்த்தி சுவரைப் பிடித்தார். "அவனுக்குத் தெரியுமோ?"

கோச் அன்றைக்கே சொல்லிவிட்டார் என்றாள். ஒரு பிள்ளைக்கு அதை மறைக்க அவருக்கு மனம் வரவில்லையாம்.

அதற்குமேல் உருத்திரமூர்த்தியால் வைத்திருக்க முடியவில்லை. அந்த நடைக்கூடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினார். அண்ணை சாகவில்லை, ஸ்காபரோவில் கத்தரிக்காய் வைக்கிறார். மகன் இந்த வருசம் இறங்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பொய். பிறகும் ஏன் அவனை இறக்கினீர்கள் என்று கேட்டார். துடக்கு என்று சொன்னேனே, கோச்சுக்கு விளங்கவில்லையா என்று கேட்டார்.

நிருஷா கதவைத் திரும்பிப் பார்த்தாள். அது நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று தள்ளிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"அங்கிள், அப்பா சொல்லுறது சரி, நான் இந்த வருசம் சிவப்புச் சட்டையோட இருக்கிறன் எண்டு வினோஜன் போன மாசமே கேட்டு, கோச்சும் ஓம் எண்டவர், ஆனா அப்பா அழுகையை அடக்கிக்கொண்டு திரியிறார், நான் விளையாடுறதைப் பாத்தெண்டாலும் ஒருக்காச் சிரிக்கட்டும் எண்டுதான் இண்டைக்குத் தானாவே கேட்டு இறங்கினவன்."