முறிக்காத கடற்பாசி

ஒரு வீட்டில் குழந்தை பிறக்கப்போகிறது என்ற செய்தியின் விலை முந்நூற்றுப் பதினேழு வோன். ஒரு கோப்பைக் காப்பியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த விலையை நிர்ணயித்தவர் தக் இன்ஹோ. அதே செய்தி தமக்கு இலவசமாக வந்து சேரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அதுவும் செவ்வாய்க்கிழமை காலையில், கழிவறையில்.

பாங்யோவில் இருக்கும் நுன்கில் கம்பெனியின் விளம்பரப் பிரிவுக்கு அவர் தலைவர். நாட்டில் முக்கால்வாசிப் பேர் தேடுவது, அரட்டை அடிப்பது, பணம் கட்டுவது எல்லாம் நுன்கில் வழியாகத்தான். அத்தனையும் இலவசம். எல்லாவற்றையும் சும்மா தருகிற கடைக்காரன் பிறகு எதை விற்றுப் பிழைக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. தக் கேட்கவேண்டிய அவசியமில்லை. விற்பவரே அவர்தான்.

கையிலிருந்த போனில் அந்த விளம்பரம் வந்து நின்றது.

"தாயாகப்போகும் மகளுக்கு அப்பாவின் அன்புடன்! முறிக்காத, மடிக்காத முதல்தரக் கடற்பாசி."

பிள்ளை பெற்றவளுக்கு வேளாவேளைக்குக் கடற்பாசி சூப் கொடுக்காத வீடு கிடையாது. அதற்கென்று வாங்கும் பாசியை மட்டும் ஒடிக்காமல் நீளமாகவே கட்டித் தருவார்கள். ஒடித்தால் பிரசவம் சிக்கலாகிவிடும் என்று பயம். ஆகவே இந்த விளம்பரம் கண்டவருக்கெல்லாம் வராது. "உங்க வீட்டம்மாவுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே எங்க மெஷினுக்குத் தெரியும்" என்று வியாபாரிகளிடம் சொல்லிச் சொல்லித்தான் தக் விலையை ஏற்றியிருந்தார். சொல்லிச் சொல்லி அவரும் அதை நம்பிவிட்டார்.

ஒரு வீட்டில் ஒருவர் எதையாவது தேடினால் அந்த வீட்டில் இருக்கிற எல்லாப் போனுக்கும் விளம்பரம் வரும். ஏற்பாடு அப்படி. ஆகவே தேடியது யாரோ இந்த வீட்டு ஆள். தமக்கு ஐம்பத்து நான்கு. மனைவி மிரானுக்கு ஐம்பத்தொன்று. மிச்சம் ஒருத்திதான்.

மகள் யேவொன், வயது இருபத்தாறு, கல்யாணமாகாதவள். சனிக்கிழமை அவளுக்கு அரசாங்க வேலைக்கான பரீட்சை. ஏற்கெனவே இரண்டு முறை எழுதித் தோற்றாயிற்று. இதுதான் கடைசி என்று அவளே சொல்லியிருந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் தக் மெல்ல ஆரம்பித்தார்.

"உடம்பெல்லாம் எப்படிம்மா இருக்கு?"

யேவொன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏன்ப்பா?"

"சும்மாதான். காலைல வாந்தி கீந்தி வருதா?"

"பரீட்சைக்கு நாலு நாள் இருக்கு. வாந்தி வராம வேற என்ன வரும்?"

சொல்லிவிட்டுப் பழைய கிம்ச்சி ஊறுகாய்க் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அது நன்றாகப் புளித்திருந்தது. தக்குக்கு அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை.

பஸ்ஸில் போகும்போது யோசனை வந்தது. ஒவ்வொரு விளம்பரத்தின் மூலையிலும் 'இது ஏன் எனக்கு?' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் காரணம் தெரியும். அரசாங்கம் வைக்கச் சொன்னதால் வைத்தது. அதை எள்ளளவுக்குச் சுருக்கச் சொன்னது தக். அவருடைய கட்டைவிரலோ எள்ளளவு அல்ல. பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. விரல் பக்கத்திலிருந்த பெரிய பச்சைப் பொத்தானில் போய் உட்கார்ந்தது. ரேகையைப் படித்துப் போன் சந்தோஷமாக மணியடித்தது.

"வாங்கியதற்கு நன்றி! நாளை விடிவதற்குள் உங்கள் வாசலில்."

சொன்னபடி வந்துவிட்டது. ஆள் கை நீளத்துக்கு ஒரு பெட்டி, சிவப்பு ரிப்பன் கட்டி. முதலில் கதவைத் திறந்தவள் மிரான்.

"யேவொன் அப்பா! இங்க வாங்க. என்ன இது?"

"கடற்பாசி மாதிரி இருக்கு."

"பரீட்சை வாரத்துல எந்த மடையனாவது வீட்டுக்குள்ள கடற்பாசிய விடுவானா? வழுக்கிடாது?"

அவள் சொன்னது நியாயம். அந்த வழவழப்பைக் குடித்துவிட்டுப் பரீட்சைக்குப் போனால் வழுக்கி விழவேண்டியதுதான். தோற்றவனைப் பற்றி ஊரே 'சூப் குடிச்சிட்டான்' என்றுதான் பேசும். படித்ததெல்லாம் ஒட்டிக்கொள்ளட்டும் என்று மிரான் ஒரு மாதமாக மகளுக்கு அரிசிப் பாகு மிட்டாய் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"என் பிறந்தநாள் சூப்புக்குன்னு..." என்றார் தக்.

"உங்க பிறந்தநாளுக்கு இலை உதிரும். இப்ப வெளிய செர்ரிப் பூ கொட்டிக்கிட்டிருக்கு."

"சரி, ஆபீஸ்ல ஒருத்தங்களுக்கு வாங்கினேன்."

"யாருக்கு?"

"ஒரு பொண்ணுக்கு."

"ஏன், அவ புருஷன் வாங்கித் தரமாட்டானாமா?"

தக் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்த மகளை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டார். "அப்படி யாரும் இருக்கற மாதிரி தெரியல, யேவொன் அம்மா."

மிரான் ரிப்பனைத் திருப்பிப் படித்தாள். "அப்பாவின் அன்புடன்னு போட்டிருக்கே. எந்த அப்பா?"

மகளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, பரீட்சை முடியும்வரை எதுவானாலும் தாமே தாங்கிக்கொள்வது என்று தக் முடிவு செய்தார். மிரான் வேறு முடிவு செய்தாள்.

மத்தியானம் தக்கின் போனில் புதுச் சரக்கு வந்தது.

"ஏமாற்றப்பட்ட மனைவியா நீங்கள்? முதல் ஆலோசனை இலவசம். வீடு யாருக்கு, பென்ஷன் யாருக்கு என்று நாங்கள் சொல்கிறோம்."

விவாகரத்து வக்கீலின் விளம்பரம். ஒரு கோப்பைத் தேன் தண்ணீர் குடித்து நெஞ்சை ஆற்றிக்கொண்டார். முப்பது வருஷத்துக்குப் பக்கமாகக் குடும்பம் நடத்திவிட்டு, ஒரு கட்டுப் பாசிக்காகவா? ஆனால் மெஷின் பொய் சொல்லாது.

அதே வக்கீல் யேவொனின் போனிலும் சிரித்துக்கொண்டிருந்தார். அரசியலமைப்புச் சட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தவள், அப்பா அம்மா பிரியப்போகிறார்கள் என்று தெரிந்ததும் புத்தகத்தை மூடினாள். தன்னால்தான் என்று அவளுக்குத் தோன்றியது. மூன்று வருஷமாகச் சம்பாதிக்காமல் சாப்பிடுகிற பெண் வீட்டில் இருந்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? தான் வெளியே போய்விட்டால் சரியாகிவிடும். வாடகை அறை தேடினாள்.

வியாழக்கிழமை தக்கின் போன் சொன்னது: "பெண்களுக்கு மட்டும் ஒற்றை அறை. இன்றே குடியேறலாம். யாரும் எதுவும் கேட்கமாட்டோம்."

'யாரும் எதுவும் கேட்கமாட்டோம்' என்ற வரியை அவர் ஐந்தாறு தடவை படித்தார். வயிற்றுப் பிள்ளையோடு அவள் எங்கோ ஒரு ஜன்னலில்லாத அறையில் ராமியோன் நூடுல்ஸ் வேகவைத்துத் தின்னப்போகிறாள்! அன்று மீட்டிங்கில் வருமானம் உயர்ந்த கதையைப் படம் போட்டுக் காட்டினார்கள். இவர் மேஜைக்கடியில் குழந்தைத் தள்ளுவண்டி விலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் கவலையோடுதான் பார்த்தார். பார்க்கப் பார்க்க மனம் இளகிவிட்டது. பச்சை நிறத்தில் ஒன்று, மழைக்குக் கூரை, பால்புட்டி வைக்கத் தனிப் பை. பேரனாக இருந்தாலும் பேத்தியாக இருந்தாலும் பச்சை பொருந்தும் என்று நினைத்து அதைக் கூடையில் போட்டுவைத்தார்.

அடுத்த நிமிஷம் அந்தப் பச்சை வண்டி மிரானின் போனில் உருண்டது. கடற்பாசிக்குப் பிறகும் அவளுக்கு மிச்சமிருந்த கொஞ்ச சந்தேகமும் அதோடு தீர்ந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை இரவு மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சூப் ஆறிக்கொண்டிருந்தது, முன்னெச்சரிக்கையாக அது முள்ளங்கி சூப். மிரான் தன் போனைக் கணவர் தட்டுக்கு முன்னால் வைத்தாள்.

"இந்த வண்டில யார் உக்காரப்போறாங்க?"

யேவொன் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள். வாசலுக்குப் பக்கத்தில் அவள் பை தயாராக இருந்தது. "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க. நான் கிளம்பறேன். நாளைக்கு அங்கேருந்தே பரீட்சைக்குப் போயிக்கறேன்."

தக் ஓடிப்போய்ப் பையைப் பிடித்துக்கொண்டார். "எங்கயும் போகாதம்மா! அப்பா ஒண்ணும் கேக்கமாட்டேன். அவன் யாரா வேணா இருக்கட்டும். குழந்தைய நாம வளத்துக்கலாம்!"

"எந்தக் குழந்தைய?" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"இவ குழந்தையத்தான்."

"எனக்கா? குழந்தையா?" யேவொன் பையை விட்டுவிட்டாள். "அப்பா, மூணு வருஷமா நான் பேசற ஒரே ஆம்பள நூலகத்து வாட்ச்மேன். அவரும் 'லைட்டை அணைச்சிட்டுப் போ'ன்னுதான் சொல்வாரு."

"அப்ப வாந்தி?"

"பயத்துல வர்றது!"

"அப்ப ஆபீஸ் பொண்ணு?" என்றாள் மிரான்.

"அப்படி யாருமே இல்ல. நான் இவளத்தான் சொன்னேன்."

"இவளச் சொல்லும்போதா புருஷன் இல்லன்னு பெருமூச்சு விட்டீங்க?"

"சரி, நீ எதுக்கு வக்கீலப் பாத்த?" என்று தக் மனைவியைக் கேட்டார். "பென்ஷன்ல பாதி வேணுமா உனக்கு?"

"பாதியா? முக்கால்வாசி கிடைக்கும்னு போட்டிருந்தான்."

மூன்று போன்களையும் வரிசையாக மேஜையில் வைத்துப் பார்த்தார்கள். கடற்பாசி, வக்கீல், அறை, வண்டி. யாருடைய பயம் யாருடைய போனில் போய் இறங்கியது என்று யேவொன்தான் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. அவள் வீட்டில் சிரித்து வெகுநாளாயிற்று. மிரான் சாப்பிடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி என்ன கலர்ப்பா?"

"பச்சை" என்றார் தக் வெட்கத்தோடு. "மழைக்குக் கூரைகூட இருக்கு."

பெட்டியை மிரான் பால்கனியில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் தள்ளினாள். மகள் வாயில் ஒரு பெரிய பாகு மிட்டாயைத் திணித்தாள். சனிக்கிழமை யேவொன் பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். வாந்தி வரவில்லை என்றாள். முடிவு வர ஒரு மாதம் ஆகும். அந்த வீட்டில் இப்போதைக்கு அது போதும்.

ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியது. யாரும் தேடாத கடற்பாசியின் விளம்பரம் முதலில் எப்படி வந்தது?

திங்கட்கிழமை தக் நேராக குக் தேயூனின் மேஜைக்குப் போனார். எந்த விளம்பரம் எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லிவைப்பது குக்கின் வேலை. கண்ணாடி போட்ட, அமைதியான, கைதட்டினால்கூடச் சத்தம் வராத ஆள்.

"உன் மெஷின் என் வீட்டுல தப்புப் பண்ணிடுச்சுய்யா" என்றார் தக். "குடும்பமே பிரிய இருந்துது."

குக் திரையில் எதையோ தட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று இடுப்பை வளைத்து வணங்கினார்.

"வாழ்த்துகள் சார்!"

"எதுக்குய்யா?"

"ஆபீஸ் வசந்த விருந்துல மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நீங்க சொன்னீங்களே, நிம்மதியா இருக்கறவன் எதையும் வாங்கமாட்டான்னு. மறுநாளே செய்ய ஆரம்பிச்சிட்டோம். நிஜமாவே குழந்தை பொறக்கற வீடுன்னா ஒரு கட்டுப் பாசி வாங்கிட்டுப் போனைக் கீழ வெச்சிடறாங்க. முந்நூத்திப் பதினேழு வோனோட சரி. அதனால இப்பல்லாம் யாரும் கர்ப்பமா இல்லன்னு நல்லாத் தெரிஞ்ச வீடாப் பாத்துத்தான் சார் அந்த விளம்பரத்த அனுப்பறோம். அங்கதான் பயந்துபோய் ஆளுக்கு ஒண்ணாத் தேடுவாங்க. உங்க வீட்டுக் கணக்கு இதோ: பாசி, வக்கீல், அறை எல்லாம் சேத்து நாலு நாள்ல வரவு நாப்பத்தோராயிரத்து இருநூறு, செலவு ஒண்ணுமில்ல, கூடையில போட்ட பச்சை வண்டி மட்டும் இன்னும் பாக்கி."