மூன்று தலைமுறைக் குதிரை

ஆளைப் பார்த்ததும் எடை போடும் கெட்டிக்காரர்கள் உலகத்தில் ஏராளம். ஆளைப் பார்க்காமலே எடை போடும் மேதை ஒருவர்தான். அவர் ஒரு பெரிய கம்பெனியின் ஆள்சேர்ப்பு அதிகாரி. எதிரே நிற்பவரின் முகத்தை ஏறிட்டும் பார்க்காமல், ஃபைலை மட்டும் புரட்டி, இருபத்திரண்டு வருடமாக ஆள் எடுத்துவந்தார். அங்கே லிஃப்ட் ஏன் பாதி மாடியில் நிற்கிறது, தொலைபேசி ஏன் எடுப்பாரில்லாமல் அலறுகிறது என்பதெல்லாம் வேறு இலாகா. ஃபைல்கள் கண்ணாடி மாதிரி இருந்தன.

அவருடைய ஒரே மகள் ஒரு ஜாதிக் குதிரை கேட்டாள். சவாரிப் பள்ளியில் மூன்று வருடம் விழுந்து எழுந்து தேறியவள். தடை தாண்டும் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். அதில் சொந்தக் குதிரையில்தான் ஓட வேண்டும் என்பது விதி. அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும்.

முதலில் மூன்று தெரு தள்ளியிருந்த லாடக்காரரிடம் போனார்கள். பட்டறைக்குப் பின்னால் செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெண் குதிரை நின்றது. மகள் ஏறினாள், ஒரு சுற்று வந்தாள், மூலையில் கிடந்த மரக்கட்டையைத் தாண்டினாள். இறங்கும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பா, இதுதான்!"

அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அப்பா பேரு?"

"எங்கப்பா பேரா சார்?"

"குதிரையோட அப்பா பேரு."

"அசல் ஜாதிக் குதிரைதான் சார். கூரை ஒழுகி காகிதமெல்லாம் கூழாப் போச்சு. குதிரைக்கு ஒண்ணும் ஆகல, பாருங்க."

"நாளைக்கு யாராவது கேட்டா எதைக் காட்டறது?"

"குதிரையைக் காட்டுங்க சார்."

இந்தப் பதில் அதிகாரிக்கு அநாகரிகமாகப் பட்டது. மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினார்.

அடுத்து, பழைய பந்தய லாயத்தின் முதலாளி. அவர் குதிரையைக் காட்டவில்லை; தோல் அட்டை போட்ட ஃபைலைக் காட்டினார். மனுஷன் ஆள் தெரிந்தவர். குதிரையின் தாத்தா பதினான்கு கோப்பை. அப்பா ஒன்பது. மூன்றாம் பக்கம் ஒரு கறைகூட இல்லாமல் வெண்மையாக இருந்தது.

"இவன் என்ன ஜெயிச்சான்?" என்று கேட்டார் அதிகாரி.

"பரம்பரையில வந்தவன் சார். அலட்டிக்க மாட்டான்."

அதிகாரிக்குக் கண் கலங்கியது. அவருடைய தாத்தா உட்கார்ந்த நாற்காலியில் அப்பா உட்கார்ந்து, அப்பாவுக்குப் பின் அவர் உட்கார்ந்தார். இருவர் படங்களும் ஆபீஸில் அவர் தலைக்கு மேல் சுவரில் தொங்கின. தன் இனத்தைக் கண்டுகொண்ட பூரிப்பு அது.

"நான் ஒரு தடவை ஏறிப் பாக்கறேன்பா."

"ஆவணச் சரிபார்ப்பு முடியாம ஏறக் கூடாதும்மா. முறைன்னு ஒண்ணு இருக்கு."

சரிபார்ப்பு மூன்று வாரம் நடந்தது. சனிக்கிழமை மாலை குதிரை "பணியில் சேர்ந்தது". ஞாயிறு காலை போட்டி.

மணி அடித்தது. குதிரை ராஜநடை போட்டு முதல் தடைவரை போனது. தடையைப் பார்த்தது. கூட்டத்தைப் பார்த்தது. பிறகு நிதானமாகத் திரும்பி, மைதானத்து ஓரத்து லாயத்துக்கு நடந்து, தீனித் தொட்டியில் வாயை வைத்தது. மகள் கடிவாளத்தை இழுத்தாள், தட்டிக்கொடுத்தாள், காதோடு கெஞ்சினாள். அது மென்றுகொண்டே இருந்தது. நேரம் முடிந்தது என்று நடுவர் கொடியை இறக்கினார்.

அடுத்து வந்தது லாடக்காரரின் குதிரை. சவாரி ஆசிரியர் அதை வேறொரு பெண்ணுக்குச் சொந்தமாகவே வாங்கிக் கொடுத்திருந்தார். பத்துத் தடையையும் ஒன்றுவிடாமல் தாண்டியது. மகள் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். மூன்று வருட உழைப்பு கண்ணெதிரே இன்னொருத்திக்குப் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அதிகாரி கொதித்துப் போனார். "மூணு தலைமுறை ஃபைல் பார்த்து எடுத்தேனே! நேரத்துக்கு வருது, கம்பீரமா நிக்குது, வேலைன்னு வந்தா மட்டும் திங்கப் போயிடுது. இப்படி ஒரு ஜென்மத்தை என் வாழ்நாள்ல பார்த்ததில்ல!"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் பார்த்திருக்கேன்பா. உங்க ஆபீஸ்ல, தாத்தா போட்டோவுக்குக் கீழ உக்காந்திருக்காரு."