அஞ்சு கோடு போட்ட வேகத்தடை

கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பற்றி எழுதப்பட்ட காகிதங்களில் பொய் இல்லாதவை 'அஞ்சு கோடு' அண்ணாத்த கைப்பட எழுதியவை மட்டும்தான். மற்றதையெல்லாம் கிழித்துப் பஜ்ஜி மடிக்கலாம். தொண்ணூறுகளில் அவர் சாலையோரம் உட்கார்ந்து வண்டி எண்ணும் தினக்கூலி; நான் அவருக்கு மேற்பார்வையாளர்.

வண்டிக்கு ஒரு கோடு. நான்கு கோடு நிமிர்ந்து நிற்கும், ஐந்தாவது குறுக்கே விழும். மற்ற ஆட்கள் நாஸ்தாவுக்குப் போய்விட்டு வந்து, போன மணிக் கணக்கையே இந்த மணிக்கும் எழுதிவிடுவார்கள். இவர் கண் சிமிட்டவே யோசிப்பார். ஒருநாள் அவர் மாமியார் வேனில் வந்து இறங்கி, "இன்னா மாப்ள, சவுக்கியமா?" என்றார். அண்ணாத்த நிமிரவில்லை. வேனுக்கு ஒரு கோடு போட்டார். அந்தம்மா ஆறு மாதம் அவர் வாசலை மிதிக்கவில்லை.

சதுரங்கப்பட்டினம் அருகே, மீன்கூடையோடு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை லாரி அடித்துப் போட்டது. வேகத்தடை கேட்டு ஊரே மறியல் செய்தது. எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று விதிப்படி ஏழு நாள், இரண்டு ஆள் வைத்து எண்ண வேண்டும். எங்கள் பொறியாளரோ, "அவ்ளோ செலவுக்கு எங்க போறது? ஒரு ஆள், ஒரு நாள். நாளைக்கே முடிங்க" என்றார்.

மறுநாள்தான் அவளை அடக்கம் செய்தார்கள். சாவு விழுந்தால் அந்தக் குப்பத்தில் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். படகு இல்லை, மீன் இல்லை, கூடையோடு ஒருத்தியும் வரவில்லை. அன்று சாலையைக் கடந்தது ஒரு தபால்காரரும் இரண்டு ஆடுகளும்.

"பாத்தீங்களா? யாருமே கடக்கல" என்று பொறியாளர் கோப்பை மூடினார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட மடையன் நான்தான்.

மறுநாள் அண்ணாத்த அதே இடத்தில் மறுபடி உட்கார்ந்திருந்தார்.

"கூலி கிடையாதுய்யா, எழுந்து வா!" என்று கத்தினேன்.

"நேத்து போட்ட கோடு ஒண்ணுகூட தப்பில்ல சார். ஆனா மொத்தமும் பொய்யாப் பூட்ச்சே. பேசாத, எண்ணிக்கினு கீறேன். அந்தாண்ட ஆளில்ல, நீ பாரு."

திட்டிக்கொண்டே எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன். ஏழு நாள் எண்ணினோம். அத்தனை காகிதத்தையும், "அனுமதி இல்லாத கணக்கு" என்று பொறியாளர் தள்ளிவிட்டார்.

அண்ணாத்த சண்டை போடவில்லை. மறுநாளிலிருந்து பொறியாளர் அறை வாசலில் உட்கார்ந்து கோடு போட ஆரம்பித்தார்.

"இன்னாய்யா எண்ணுறே?" என்றான் பியூன்.

"பதினோரு மணிக்குள்ள அஞ்சு டீ. கான்ட்ராக்டர் நாலு பேரு. ஃபைல் ஒண்ணுகூட வெளிய வரல."

மூன்றாம் நாள் வேகத்தடைக்கு உத்தரவு வந்தது. அண்ணாத்தவுக்கு அதன் பிறகு எங்கள் அலுவலகம் வேலையே தரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் இப்போது உயிரோடு இல்லை. போன வாரம் அந்த வழியாகப் பஸ்ஸில் போனபோது, "எவன்டா இத்த இங்க போட்டான்?" என்று டிரைவர் எரிச்சலோடு பிரேக்கை மிதித்தார். முன்னால் ஒரு பெண் தலையில் கூடையோடு, அவசரமே இல்லாமல் கடந்து போனாள்.

என் முழங்காலில் விரலால் ஒரு கோடு போட்டேன்.