எண்பத்து நாலுக்கும் நூற்றுப் பதினேழுக்கும் நடுவில்

இந்த மாதம் நான் படித்தது ஒரே ஒரு புத்தகம். எழுநூற்று இருபது பக்கம். நிஜமாகவே படித்தாயா என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

நான் லேசுப்பட்ட வாசகன் இல்லை. புத்தகப் பைத்தியம் என்று உறவுக்காரர்கள் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். எனக்குத் தபால் பிரிக்கும் பகுதியில் வேலை. உறையைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்தத் தெரு, எந்தக் கட்டம் என்று கை தானாகப் போகும். நானூற்றுச் சொச்சம் தெருக்கள் தலைக்குள் குடியிருக்கின்றன. அந்தத் தலையை நம்பித்தான் முதல் தேதி காலையில் மனைவியிடம் மார்தட்டினேன்.

அவள் பள்ளிச் சீருடை தைப்பவள். மெஷின், துணிமூட்டை, இஸ்திரி மேஜை எல்லாம் ஹாலில். பின் அறையில் நானும் என் புத்தகங்களும். அந்த அறை மேல் அவளுக்கு ஒரு கண். ஒன்றல்ல, இரண்டு கண்ணும்.

"அந்தத் தலகாணி புத்தகத்தை மூணு வருஷமா படிக்கிறீங்க. பேசாம ரூமை எனக்குக் குடுத்துட்டு, அதை நிஜமாவே தலைக்கு வச்சுப் படுத்துடுங்க."

"ஒரே மாசம்! முடிச்சுக் காட்டறேன், பாரு."

"முடிச்சா போதாது. முழுக் கதையையும் எனக்குச் சொல்லணும். நடுவுல ஓட்டை இருந்துச்சு, ரூம் எனக்கு."

"சம்மதம்!" என்றேன். தன் வாயால் கெட்ட தவளைக்காவது மழை பெய்தது என்று ஒரு சாக்கு உண்டு. எனக்கு அதுகூட இல்லை.

முதல் மூன்று நாள் ராஜநடை. கதையில் அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரு மரக்கடை, ஒரு வழக்கு. தினம் வேலைவிட்டு வந்ததும் படிப்பேன். நிறுத்திய இடத்தில், அவள் வெட்டிப்போட்ட நாடாத் துண்டு ஒன்றை வைப்பேன். மூன்றாம் நாள் எண்பத்து நாலாம் பக்கத்தில் அண்ணன்காரன் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

நான்காம் நாள் நாடா இருந்த இடத்தில் பிரித்தேன். நூற்றுப் பதினேழு. அண்ணன் செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

எப்படிச் செத்தான்? நான்தான் படித்திருக்கிறேனே, நாடா சொல்கிறதே! பின்னோக்கிப் புரட்டினேன். முப்பத்து மூன்று பக்கம். ஒரு வரிகூட முன்பின் பார்த்த முகமாக இல்லை. மனுஷன் குடையை மறக்கலாம், மூக்குக்கண்ணாடியை மறக்கலாம். ஒரு சாவையா மறப்பான்?

நாடாவைச் சந்தேகப்பட வேண்டியதுதானே என்பீர்கள். சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். பழுத்த வாசகன் தன்னைச் சந்தேகப்படுவான், தன் நாடாவைச் சந்தேகப்படமாட்டான்.

ஆறாம் நாள் மரக்கடை எரிந்து சாம்பலாகியிருந்தது. எட்டாம் நாள் ஏதோ ஒரு குழந்தை தம்பிக்காரனை "அப்பா" என்று கூப்பிட்டது. அவனுக்கு எப்போது கல்யாணம் ஆயிற்று? எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலையிலும் பயம் தொற்றிக்கொண்டது. ஒவ்வொரு உறையையும் மூன்று தரம் படித்துவிட்டுப் போட்டேன். அதிகாரி, "என்ன, இன்னைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தீங்களா?" என்றார். சேர்ந்த தேதி எனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று உடனே மனசுக்குள் சரிபார்த்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் மருந்துக்கடை வைத்திருப்பவர் இருக்கிறார். வயதில் மூத்தவர். மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன்.

"அண்ணே, என் நண்பர் ஒருத்தருக்கு மறதி..."

"உங்களுக்கு எப்போலேர்ந்து?"

"எனக்கில்லண்ணே, நண்பருக்கு!"

"சரி, நண்பருக்கு எப்போலேர்ந்து?"

"நாலாம் தேதிலேர்ந்து."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குப் பாதி உயிர் போயிற்று.

"எங்க மாமனாருக்கும் இப்படித்தான் தம்பி ஆரம்பிச்சுது. முதல்ல படிச்சதை மறந்தார்."

"அப்புறம்?"

"செருப்பை மறந்தார்."

"அப்புறம்?"

"ஒருநாள் எங்க மாமியாரைப் பாத்து, 'யாரும்மா நீங்க, ரொம்ப நேரமா நிக்கிறீங்களே, உக்காருங்க'ன்னார்."

"ஐயோ! அவங்க அழுதாங்களா?"

"முப்பத்தெட்டு வருஷத்துல அவர் உக்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. சந்தோஷமா உக்காந்தாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இப்ப நண்பர் என்ன செய்யணும்?"

"டாக்டரைப் பாக்கணும். அதுவரைக்கும் வீட்டுல காட்டிக்கக் கூடாது. தெரிஞ்சா வண்டிச் சாவி, வீட்டுச் சாவி எல்லாம் கைமாறிடும். யார் என்ன சொன்னாலும் 'ஆமா, ஞாபகம் இருக்கு'ன்னு சொல்லிடச் சொல்லுங்க."

டாக்டரிடம் போகப் பயம். அவர் ஆமாம் என்றுவிட்டால்? அதனால் இரண்டாவது யோசனையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாளே அதற்கு வேலை வந்தது.

"என்னங்க, பாத்திரம் நான் கழுவறேன்னு நேத்து சொன்னீங்களே, மறந்துட்டீங்களா?"

"மறக்கறதா! ஆமா, ஞாபகம் இருக்கு" என்று பாய்ந்து போய்க் கழுவினேன். அவளே கொஞ்சம் திகைத்த மாதிரிதான் இருந்தது. அடுத்த தடவை திகைக்கவில்லை.

"என் தம்பியைக் குடும்பத்தோட வந்து பத்து நாள் இருந்துட்டுப் போகச் சொன்னீங்களே?"

மைத்துனனையா? நானா? அவன் குறட்டை விட்டால் சீருடைப் பித்தான்கள் டப்பாவுக்குள் குதிக்கும். "ஆமா... ஞாபகம் இருக்கு." வந்தார்கள். ஐந்து பேர். என் நாற்காலி அன்றோடு மைத்துனன் வசமானது.

இருபத்திரண்டாம் தேதி, துணி வெட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"பின் ரூமை நீயே எடுத்துக்கோன்னு நேத்து சொன்னீங்களே, இன்னைக்கே மெஷினை மாத்திடலாமா?"

"நானா சொன்னேன்?"

கத்திரிக்கோல் நின்றது. "ஏங்க, ஞாபகம் இல்லையா?"

அந்தக் கேள்வியில் வண்டிச் சாவியும் வீட்டுச் சாவியும் சேர்ந்து குலுங்கின. "இருக்கு, இருக்கு" என்றேன். மெஷினின் ஒரு முனையை மைத்துனன் பிடித்தான். மறுமுனையை நானே பிடித்தேன். என் புத்தகங்கள் அட்டைப்பெட்டிகளில் ஏறிக் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தன.

அறை போனால் போகட்டும், அறிவு போகக் கூடாதே என்று தவித்தேன். இருபத்தெட்டாம் தேதி ஒரு யோசனை தோன்றியது. ஐநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நிறுத்தி, நாடாவை வைத்து, அந்த எண்ணை இடது கையில் பேனாவால் எழுதி, சட்டைக் கையை இறக்கிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் புத்தகத்தைப் பிரித்தேன். நாடா ஐநூற்று நாற்பத்தொன்பதில் இருந்தது. சட்டைக் கையை ஏற்றினேன். ஐநூற்றுப் பன்னிரண்டு. போதாக்குறைக்குப் பக்கத்தின் ஓரத்தில் நீல நிறத்தில் ஒரு கட்டைவிரல் தடம். துணியில் அளவு குறிக்கும் சாக்பீஸ்!

எனக்கு மறதி இல்லை! சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு தரம் குதித்தேன். மூன்றாவது குதியில் கோபம் வந்தது. புத்தகமும் கையுமாகப் பின் அறைக்குள் நுழைந்தேன். அவள் காலர் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நாடாவை மாத்தி மாத்தி வச்சது நீதானே? என் கையைப் பாரு, ஐநூத்திப் பன்னெண்டு! புத்தகத்தைப் பாரு, ஐநூத்தி நாப்பத்தொம்பது! இது யாரோட கட்டைவிரல்? எனக்கு மறதியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! மரியாதையா ரூமைக் காலி பண்ணு!"

மெஷின் நின்றது. மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். அவள் நிதானமாக எழுந்து வந்து, என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு கரிசனம்.

"என்னங்க, இதையேதானே நேத்தும் கேட்டீங்க?"

"நே... நேத்தா?"

"இதே மாதிரி கையில நம்பரை எழுதிக்கிட்டு வந்து கத்துனீங்க. சாக்பீஸ் உங்க விரல்லதான் ஒட்டியிருக்குன்னு நான் காமிச்சேன். நான்தானே சோப்புப் போட்டுக் கழுவியும் விட்டேன்?"

விரலைப் பார்த்தேன். கழுவிய விரல் மாதிரிதான் இருந்தது.

"அப்புறம்... நான் என்ன சொன்னேன்?"

"மன்னிப்புக் கேட்டீங்க. இனிமே துணி துவைச்சுக் காயப்போடறது என் பொறுப்புன்னு நீங்களாவே சொன்னீங்க. ஏங்க, நிஜமாவே ஞாபகம் இல்லையா?"

"ஆமா, ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கினேன்.