அஞ்சற்பெட்டி காத்த படலம்

நண்டுக் கொடுக்குக்கு அஞ்சாத விரலாளே, ஐஸ்நீரின் குளிரை இருபதாண்டுகளாக வென்ற கையாளே, குருநகர் இறங்குதுறையின் ஓரத்தில் தகரக் கொட்டிலைக் கோட்டையாகவும் நான்கு பெண்களைச் சேனையாகவும் கொண்டு நண்டுச் சதையைப் பொதிசெய்து கொழும்புக்கு அனுப்பும் பெருந்தகையே, அற்புதராணியே, வாழி! உன் புகழ் சொல்லப் புகுந்தவர்க்குப் பரவைக்கடல் காற்றளவு மூச்சு வாய்க்கட்டும்.

அவளுடைய பகைவர் முகமற்றவர், ஊரற்றவர், உறக்கமற்றவர். மாரிகாலத்து ஈசலென நாள்தோறும் அவளது மின்னஞ்சற் பெட்டியில் வந்து விழுந்தனர். செத்துப்போன எண்ணெய் வணிகனின் செல்வத்துக்கு அவளை வாரிசாக்கியவன் ஒருவன். எடுக்காத சீட்டுக்குப் பரிசு அறிவித்தவன் ஒருவன். இடுப்பைத் தொடும் கூந்தலாளுக்கு வழுக்கைத் தைலம் நீட்டியவன் ஒருவன். இத்தனை பேரையும் அவள் ஒற்றை விரலால், ஓடு கழற்றி எறிவதுபோல், அழித்து எறிந்துவந்தாள்.

ஆயினும் அந்த வியாழக்கிழமை காலை பத்தரைக்கு வந்த கடிதம் பகைவனுடையதன்று. அவளிடம் நண்டு வாங்கும் கொழும்பு விடுதி எழுதியிருந்தது. அவளுடைய முகவரியிலிருந்தே தங்களுக்கு இருநூறு வழுக்கைத் தைலக் கடிதங்கள் வந்துவிட்டன. யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்குள் பெட்டியைப் பாதுகாத்துவிட்டு அறிவிக்காவிட்டால் அம்முகவரியை மறித்துவிட்டு, இனி மன்னாரிலேயே நண்டு வாங்குவார்கள்.

அந்த ஒரு விடுதியை நம்பித்தான் நான்கு வீடுகளில் உலை கொதித்தது. அற்புதராணி கடிதத்தை உரக்க வாசித்தாள். அதைக் கேட்டு நான்கு கத்திகளும் நண்டின்மேல் அப்படியே நின்றன. பின்பு அவள், பட்டணத்தில் கணினி திருத்தும் எமில்ராஜுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“அக்கா, இப்ப இருக்கிற பாஸ்வேர்ட் என்ன?”

“எங்கடை மீன்பிடி வள்ளத்தின்ரை பேரும் நம்பரும்தான், தம்பி. மறக்கவே ஏலாது.”



“அக்கா, அது வள்ளத்தின்ரை முன்பக்கத்திலை ஒரு முழ எழுத்திலை சிவப்புப் பெயின்ராலை கிடக்கெல்லே? பெருநாளுக்கு அதைப் படமெடுத்து பேஸ்புக்கிலையும் போட்டனீங்கள்!”

அந்தோ! கோட்டைத் திறவுகோலைக் கோட்டை வாசலிலேயே வண்ணந்தீட்டி, பெருநாள் விளக்குத் தோரணமும் கட்டி, வருக வருகவெனப் பகைவரை அழைத்த காவலை எவர் கேள்விப்பட்டார்!

எமில்ராஜ் வழி சொன்னான். புதுக் கடவுச்சொல் போடவேண்டும். அதற்கு முன், பதிந்த கைபேசிக்கு ஆறிலக்கம் வரும். பத்து நிமிடத்துக்குள் அதை அடிக்கவேண்டும். “ஒருக்காத்தான் வேலை செய்யும். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. இடத்தை விட்டு எழும்பவும் வேண்டாம்.”

பதிந்த கைபேசியோ அவளுடையதன்று. கணவன் பிலிப்புவின் இடுப்பில், பொலித்தீன் உறைக்குள், கடலில் இருந்தது. அவனை அழைத்தாள்.

“இஞ்சருங்கோ, போனுக்கு ஒரு நம்பர் வரும். வாசிச்சுச் சொல்லுங்கோ.”

“ஓம், வந்திட்டுது ராணி. பொறு, ஏழு…”

அவ்வளவில் மின்கலம் மாண்டது. கைபேசி கண்மூடிற்று. மணி பதினொன்று நாற்பது.

ஆனால் பிலிப்பு, படித்ததை மறவாத பெருவீரன், படகைக் கரைக்குக் கூப்பிடு தூரம்வரை விரட்டி வந்து இயந்திரத்தை நிறுத்தி, அதன் முன்முனையான அணியத்தில் ஏறி, அச்சிவப்பு எழுத்துகளுக்கு மேலாகக் காலூன்றி, இரு கைகளையும் வாயில் குவித்து, எவர் செவிக்கும் எட்டலாகாதென விதிக்கப்பட்ட அந்த இரகசியத்தை, கொக்குகள் கலைந்து பறக்க, கடலுக்கும் வானுக்கும் பொதுவாக முழங்கினான்.

“ஏழு! மூண்டு! சைபர்!”

கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த யாகப்பு அதை ஏந்தினார். அவரிடமிருந்து, மீனை ஏலம் கூறி விற்கும் ஜெயசுதன் ஏந்தினான். ஐந்நூறு பேரின் இரைச்சலைத் தனிக்குரலால் அடக்கும் அவ்விடிநாவன், தொழிற் பழக்கம் விடாமல், ஒவ்வோர் இலக்கத்தையும் மும்முறை முழங்கினான்.

“நாலு ஒருதரம், நாலு ரெண்டுதரம், நாலு மூண்டுதரம்!”

“எந்த மீன் கும்பிக்கடா விலை சொல்லுறாய்?” என்றாள் மீன் வாங்க வந்த றெஜினா.

“இது ராணியக்காவின்ரை ரகசியம். நீ விலை கேளாதை!”

கொட்டில் வாசலில், சேனையின் நால்வரில் ஒருத்தியான லூர்த்தம்மா கத்தியும் கையுமாக நின்று கடைசிச் செய்தியை உள்ளே எறிந்தாள். “ஒம்பது, ஒண்டு! முடிஞ்சுதாம்!”

ஒன்பதாம் நிமிடத்தில், நண்டு மணக்கும் ஆள்காட்டி விரல் ஆறாம் இலக்கத்தின்மேல் இறங்கியது. இரகசியம் அக்கணமே செத்தது. குருநகர் முழுவதும் அதை மனப்பாடம் செய்திருந்தும் இனி எவர்க்கும் அது உதவாது. பகைவர் வெளியே தள்ளப்பட்டனர். புதுக் கடவுச்சொல் அரியணை ஏறியது. அது யாதென எல்லாம் அறிந்த இக்கதைசொல்லிக்கும் அவள் சொல்லவில்லை.

“என்னக்கா அங்கை சத்தம்? நம்பரை ஒருத்தருக்கும் சொல்லேல்லைத்தானே?” என்றான் மீண்டும் அழைத்த எமில்ராஜ்.

அற்புதராணி கொட்டிற் கதவைக் காலால் சாத்திவிட்டு விடுதிக்குப் பதில் எழுதத் தொடங்கினாள்.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்க விடுதிக்குப் பதில் பறந்தது. விடுதி வாய் திறக்கவில்லை. அப்பகல் முழுவதும், அழித்தால் போதாது, குப்பையென்று அடையாளமிட்டால்தான் பெட்டி பழகும் என்று எமில்ராஜ் சொன்னபடி, எண்ணெய் வணிகனையும் சீட்டுக்காரனையும் தைலக்காரனையும், அவர்தம் கிளைஞர் முந்நூற்றுவரையும், அவள் ஒருவர் மிச்சமின்றிக் குப்பைக்குழியில் தள்ளினாள். பதில் வருமோ, மன்னார் வெல்லுமோவென்று கொட்டிலும் கடலும் ஒருங்கே மூச்சடக்கிக் காத்திருக்க, பொழுது விழுந்து, மீண்டும் பொழுது புலர்ந்தது.

பெட்டியில் ஒரேயொரு கடிதம், கொழும்பு விடுதியினுடையது, இருந்தது: சனிக்கிழமைக்கு நாற்பது கிலோ நண்டுச் சதை வேண்டுமாம்.