திரை வழியே வந்த கர்ப்பிணிக் கை

2018 மார்ச் 12. தான்சானியாவின் பங்கானி ஊர் மருத்துவமனையில் சோகை கண்ட நாற்பது கர்ப்பிணிகளின் இரத்தம் சோதிக்கப்பட்டது. ஏழு பேரின் சீட்டில் ‘சிசு வகை ஹீமோகுளோபின் அதிகம்’ என்று எழுதியிருந்தது.

சீட்டு ஊருக்குள் வந்ததும் பொருள் மாறிப்போனது. சிசுவின் இரத்தம் தாய்க்குள் ஏறிவிட்டதாம். வயிற்றில் இருப்பது பேயாம். கண்டுபிடித்தவர் ‘டாக்டர்’ ஷெகுவே. எங்கே படித்தீர்கள் என்றால், கனவில் என்பார். சோகை இல்லாதவர்களும் வரிசையில் நின்றார்கள். கட்டணம் ஒரு வெள்ளைக் கோழி. கறுப்புக் கோழி பேய்க்குச் செரிக்காது போலும்.

பிற வீட்டுப் பெண்களின் முகத்தை அவர் பார்க்கமாட்டார். நல்ல ஒழுக்கம். திரை ஓட்டை வழியே மருதாணிக் கை மட்டும் வரும். விரலில் ஊசி குத்தி, சொட்டு இரத்தத்தைக் கிண்ணத்து நீரில் விட்டுப் பார்ப்பார்.

“பேய்தான். ஆஸ்பத்திரி மாத்திரைதான் அதுக்குத் தீனி. நிறுத்திட்டு என் மண்ணைத் தின்னு.”

அந்த ஏழு பேரில் ஒருத்தியான ஐந்து மாதக் கர்ப்பிணி முவானைடி இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டு மண்ணைத் தின்றாள். மூன்றே வாரத்தில் எட்டாக இருந்த ஹீமோகுளோபின் அளவு ஆறானது. குடம் தூக்கினால் கண் இருட்டியது.

அவள் அண்ணி ருகியாவுக்கு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை.

“உனக்கு இரும்புச்சத்து இல்ல. மண்ணு இருக்கிறதையும் உடம்புல சேரவிடாது. செத்துப்போவே, புள்ள.”

“அப்ப சிசு இரத்தம்னு ஏன் எழுதினீங்க, அண்ணி?”

“பொறக்கிறப்ப எல்லாருக்கும் இருக்கிற வகை அது. வளர்ந்தா குறைஞ்சிடும். சிலருக்குக் கொஞ்சம் தங்கும், பரம்பரையா. உங்க அண்ணனுக்கும் இருக்கு, பார்த்துட்டேன்.”

“அவரு ஆம்பளையாச்சே.”

“அதை உன் டாக்டர்கிட்டயே கேப்போம்.”

அண்ணன் ஹமாதி தையல்காரன், மெலிந்த கை. மருதாணி இட்டு, வளையல் மாட்டினார்கள். மறுநாள் அந்தக் கை திரைக்குள் போனது.

ஷெகுவே கிண்ணத்தை உருட்டினார். “அஞ்சு மாசம். பேய் ஈரல்ல உக்காந்திருக்கு. மாத்திரையை விட்டுட்டியா, மகளே?”

கூட வந்திருந்த முவானைடியே திரையை இழுத்தாள். டாக்டருக்கு எதிரே ஹமாதியின் ஒரு முழத் தாடி.

“விட்டுடறேன், டாக்டரே,” என்றான் ஹமாதி. “தாடிக்கு ஏதாச்சும் பத்தியம் உண்டா?”

“பேய்... இவனுக்கும் தாவிடுச்சு.”

“அப்ப என் கோழியும் தாவி வரட்டும்,” என்றாள் வரிசையில் நின்றவள். கூட்டம் சிரித்தது. ஒரு மாதமாக நம்பிய கூட்டமும் இதுதான். தலை இருப்பது குடம் சுமக்க மட்டுமல்ல.

முவானைடி அன்றே மாத்திரையைத் தொடங்கினாள். ஜூனில் அளவு பத்தரை. ஆகஸ்டில் பிரசவம் ஆனது, இருவரும் நலம்.