மூன்றாவது தழுவல்

பெருந்துறையில் கடையும் குடும்பமுமாக நல்லபடி இருக்கும் என் மச்சான் நசுருதீன் அவர்களுக்கு, உக்கடத்திலிருந்து பஷீர் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உங்கக்கா பாத்திமுத்து என்னைத் திட்டும் குரல் கணீரென்று இருக்கிறது, ஆகவே உடம்பும் நன்றாகத்தான் இருக்கும். போனில் நீங்கள் என்னைப் பேசவே விடுவதில்லை. அதனால்தான் கடுதாசி.

நம்ம நடிகர் கதிரவராஜ் எழுதிய வாழ்க்கைக் கதையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன், எழுத்துக் கூட்டிப் படித்தால் ஒரு நாளைக்கு நாலு பக்கம்தான் ஓடும். பிரியாணியை யாராவது அவசரமாகத் தின்பார்களா? தலைவர் சின்ன வயதில் பட்டினி கிடந்த இடம் வந்தபோது எனக்கும் சோறு இறங்கவில்லை. அன்றைக்கென்று பார்த்து உங்கக்கா மீன் குழம்பு வைத்திருந்தாள். அவர் ஓட்டலில் வேலைக்குச் சேருகிற பக்கம் வரைக்கும் வேகவேகமாகப் படித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

அப்புறம் வந்தது நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம். “பவானியில் படப்பிடிப்பு, அன்று பெருநாள், ஒரு ரசிகர் ஓடி வந்து இடம், வலம், இடம் என்று மூன்று முறை தழுவினார், மூன்றாவது தழுவலில் என் விலா எலும்பு முறிந்தது, அந்த மனிதரை இன்றும் தேடுகிறேன்” என்று தலைவரே எழுதியிருக்கிறார். “பாத்து, புஸ்தகத்துல நான் வந்துட்டேன்” என்று கத்தினேன். “எலும்ப ஒடச்சதுக்கு ஏனுங்க இந்த ஆட்டம்?” என்கிறாள். ஒன்பது நாளாக அந்தப் பக்கத்தை விட்டு நான் நகரவில்லை.

நீங்களோ அதை ஒடித்தது நீங்கள்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறீர்களாம். நியாயமா மச்சான்? தொழுகை முடிந்த கையோடு ரெண்டு பேரும்தான் போனோம், ரெண்டு பேரும்தான் தழுவினோம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அப்போது டைபாய்டில் கிடந்து எழுந்த உடம்பு உங்களுக்கு. நீங்கள் தழுவியது கொடியில் துண்டு காயப்போட்ட மாதிரி இருந்தது. “மாமா கட்டிப்புடிச்சதுல லேசா விரிசல் விட்டிருக்கும், நாங் கட்டுனதுலதான் ஒடிஞ்சுதுங்க” என்று சொன்னீர்களாமே. எலும்பென்ன முறுக்கா? சந்தேகம் தீரட்டும் என்று பக்கத்து டீக்கடை கோவிந்தராஜுலுவை அதே மாதிரி மூன்று முறை தழுவிப் பார்த்தேன். பாவம், இடுப்புக்கு மேலே பெல்ட்டு போட்டுக்கொண்டு இருமக்கூட முடியாமல் இருக்கிறார். இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வருகிற ஞாயிறு தலைவர் கோயம்புத்தூர் வந்து புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறார். ஒடித்தவரை மேடையேற்றுவதாக மன்றத்துச் செயலாளர் வேலுமணி சொல்லிவிட்டார். தயவுசெய்து அவரிடம் அது மாமாதான் என்று ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. இந்த ஒன்றுக்காக என் ஆயுசில் பாதியை உங்களுக்கு எழுதித் தருகிறேன். பிள்ளைகளுக்கு என் துஆ.

இப்படிக்கு,
விலா ஒடித்த பஷீர்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். “அவரைக் கண்டால் அதே மூன்று தழுவலைத் திருப்பிக் கொடுப்பதற்காக இருபத்தெட்டு வருடமாகத் தினமும் கர்லாக்கட்டை சுற்றி உடம்பை ஏற்றுகிறேன்” என்று போட்டிருக்கிறது. மச்சான், யோசித்துப் பார்த்தால் நான் அன்றைக்கு உங்கள் செருப்பைப் பிடித்துக்கொண்டு சும்மாதான் நின்றேன். வேலுமணியிடம் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். ஞாயிறு காலையில் வந்துவிடுங்கள். கோவிந்தராஜுலு பெல்ட்டைக் கழற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.